நாற்பத்து மூன்று பெயர்கள்

சாரி-புலாக்
பிப்ரவரி 9

ஜிபார்,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. விசாரணைச் சிறையில் இருப்பவளிடம் அதைக் கேட்டால் கிண்டல் பண்ணுவதாக ஆகிவிடும்.

செய்தி எனக்கு ரொட்டிக் கடை வரிசையில்தான் தெரிந்தது. முன்னால் நின்றவள் பின்னால் நின்றவளிடம், நடுவில் நான் ஒருத்தி நிற்பதையே கண்டுகொள்ளாமல் சொன்னாள்: "டீச்சரோட தங்கச்சியப் புடிச்சிட்டுப் போயிட்டாங்களாம். வீட்டுலயே போதைக்கூடம் நடத்தியிருக்கா." நான் ரொட்டி வாங்காமல் திரும்பிவிட்டேன்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. எட்டு வருஷமாக நான் நடக்காத அந்தப் பத்து நிமிஷத்தைப் போன செவ்வாய்க்கிழமை நடந்தேன். பூட்டை உடைத்து அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே பனி. புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். உன் கோழிகள் ஐந்தும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அதில் ஒன்று என்னைக் கொத்துகிறது. உன்னிடம் வளர்ந்தது அல்லவா.

பார்சலில் கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி, தேயிலை, நான் தயிரைக் கட்டி, உருட்டிக் காயவைத்த குருத் ஒரு பை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. அந்தச் சமையலறையில் என்னதான் செய்துகொண்டிருந்தாய்?

கனிஷாய்

இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கு: படித்தபின் ஒழுங்காக மடித்துக் கொடுங்கள். கசங்கிய தாளை நான் ஐந்தாம் வகுப்பிலேயே ஏற்றுக்கொள்வதில்லை.


விசாரணைச் சிறை
பிப்ரவரி 17

கனிஷாய் அக்காவுக்கு,

பார்சல் கிடைத்தது. சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தார்கள். குருத் உருண்டை ஒவ்வொன்றையும் கத்தியால் பிளந்து பார்த்துவிட்டு அரைப் பை தந்தார்கள். மீதி அரைப் பை எங்கே என்று நான் கேட்கவில்லை. உங்கள் கைப்பக்குவம் அவர்களுக்கும் பிடித்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் யாருக்கும் போதை கொடுத்ததும் இல்லை, விற்றதும் இல்லை. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுத்தேன். அளவு மீறி மூச்சு நின்றுபோனவர்களைத் திருப்பிக் கொண்டுவர ஒரு மருந்து உண்டு. நலோக்ஸோன் என்று பெயர். தொடையில் ஒரு ஊசி போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தால் சில நிமிஷத்தில் கண் திறப்பார்கள். திறந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டுவார்கள். ஏழு வருஷத்தில் பதினெட்டுப் பேர் என் சமையலறைத் தரையில் படுத்தபடி என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதைவிட இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை. இதற்குத்தான் போதைக்கூடம் என்று பெயர். ஐந்து வருஷம் வரை போடலாம் என்கிறார் வக்கீல் சாகின்.

அவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே நாடியைப் பிடிப்பதற்கு முன் பாஸ்போர்ட் நம்பரைக் கேட்பார்கள். போதைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் டிரைவிங் லைசென்ஸ் போய்விடும், சுரங்க வேலையும் போய்விடும். என் சமையலறையில் பெயர் கேட்கக்கூடாது. அங்கே இருந்த சட்டம் அது ஒன்றுதான். பதிவேட்டு முறையை மாற்றுங்கள் என்று தலைநகரில் நாலு கூட்டத்தில் பேசினேன், மேலிடத்துக்கு மனு போட்டேன். மனு போட்ட மூன்றாம் மாதம் பூட்டை உடைத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினால் அதிகாரி அடித்துவிடுவார், அதனால் எழுதவில்லை.

மார்ச் 15 அன்று ஒரு விசாரணை. ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடியும்வரை நான் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் இங்கே இன்னும் இரண்டு மாதம், அதன் பிறகு இன்னும் இரண்டு மாதம். உங்களைக் கேட்கவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

இந்த அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் எல்லாரும் 'டாக்டர்' என்று கூப்பிட்டுப் பல்வலிக்கு யோசனை கேட்கிறார்கள். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது. உங்கள் கடிதத்தின் முதல் வார்த்தையைத்தான் நிறைய தடவை படித்தேன்.

ஜிபார்


சாரி-புலாக்
மார்ச் 2

ஜிபார்,

அது என்ன புதிதாக 'நீங்கள்'? என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள் நீ.

'தகவலுக்குச் சொல்கிறேன்' என்றாய். தகவல் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். முதலில் ஓமுர்ஸாக்கிடம் போனேன். முப்பது வருஷம் சுரங்க மேஸ்திரி, ஊர்ப் பெரியவர்களில் முதல் ஆள், அவர் மூன்று பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஜாமீன் என்ற வார்த்தையை எடுத்தேன். அவர் மனைவி அதுவரை பாதிக் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருந்த டீயை அடுத்த முறை விளிம்பு தட்ட ஊற்றினாள். பாதிக் கிண்ணம் தந்தால் இன்னும் இரு என்று அர்த்தம், நிறைத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு. என் ஐம்பத்தேழு வயதில் எனக்கு யாரும் நிறைத்துக் கொடுத்ததில்லை. நாக்கு பொசுங்கப் பொசுங்கக் குடித்துவிட்டு எழுந்தேன்.

டாக்டரிடம் போனேன். "டீச்சர், உங்க குடும்பத்துக்காக ஒரு தடவை பேனாவைத் தொறந்துட்டேன். மறுபடி கேக்காதீங்க" என்றார். எந்தத் தடவை என்று உனக்குத் தெரியும். எங்கள் தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள், நான் வெளியே வரும்வரை அதை மாட்டிக்கொள்ளவில்லை.

பெரிய மனிதர்கள் இவ்வளவுதான். ஆனால் கேள். அன்று சாயங்காலம் என் வாசலில் ஒருவன் வந்து நின்றான். சுரங்கத்தில் லோடர் ஓட்டுகிறவன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், நான் எழுதித் தரேன். அக்கா இல்லன்னா என்னை ரெண்டு தடவை பொதைச்சிருப்பாங்க" என்றான். மறுநாள் இன்னொருத்தி வந்தாள். நானும் விடவில்லை, தெருத்தெருவாகப் போனேன். எனக்கு நடத்தைச் சான்று எழுதத் தெரியாதா? முழுப் பெயர், பாஸ்போர்ட் நம்பர், முகவரி, வேலை செய்யும் இடம், கீழே தேதியோடு கையெழுத்து. அதற்கு மேலே ஜிபார் எனக்கு என்ன செய்தாள் என்பதை அவரவர் கையால். சிலருக்கு எழுத்துப்பிழை அதிகம், திருத்தவில்லை. நாற்பத்து மூன்று தாள் சேர்ந்திருக்கிறது, ஜிபார்! சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை, பதினோராம் தேதி பஸ்ஸில் கொண்டுபோய்க் கோர்ட்டில் கொடுக்கிறேன். இவ்வளவு பேர் சொன்னால் கல்லும் இளகும்.

நான் உன் உடன்பிறந்தவள் என்பதால் என் ஜாமீன் கையெழுத்து செல்லாது என்று நினைக்கிறேன். அதனால் நான் போடவில்லை.

கனிஷாய்


மார்ச் 6
வக்கீல் கையால்

அக்கா,

இது சிறைத் தபாலில் வரவில்லை. சாகினை நிற்க வைத்து எழுதுகிறேன். அந்தக் கட்டைக் கோர்ட்டில் கொடுக்காதே. கொடுக்காதே.

என்ன செய்திருக்கிறாய் என்று தெரிகிறதா உனக்கு? நாற்பத்து மூன்று பேர் 'ஜிபார் வீட்டில் ஊசி வாங்கினேன்', 'மூச்சு நின்று கிடந்தேன்' என்று சொந்தக் கையால் எழுதி, நம்பரும் முகவரியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் போதைக்கூடம் நடத்தினேன் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி போலீஸுக்குக் கிடைக்குமா? அதுவாவது என் தலையோடு போகட்டும். அவர்கள் கதி? ஏழு வருஷமாக யார் கேட்டும் நான் ஒரு பெயர் சொன்னதில்லை. இங்கே மூன்று நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள், அப்போதும் சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் நீ வீடு வீடாகப் போய் அந்தப் பதிவேட்டை எழுதி முடித்து, கயிறும் கட்டிவிட்டாய்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. தெரியும். வாழ்க்கை முழுக்க வருகைப் பதிவு எடுத்தவள், பெயர் எழுதினால் மரியாதை என்று நினைக்கிறாய். ஆனால் உன் கடிதத்தை எனக்கு முன்னால் ஒருவர் படித்திருக்கிறார். கட்டைத் தேடி உன் வீட்டுக்கு வருவார்கள். சீக்கிரம் எரித்துவிடு.

இன்னொன்று. உடன்பிறந்தவர்கள் ஜாமீன் போடலாம் என்கிறார் சாகின். கேட்டுப் பார்க்காமலே செல்லாது என்று 'நினைத்துக்கொண்டாய்'. ஊர் முழுக்கக் கையெழுத்துக் கேட்டவளின் கையெழுத்து அந்தக் கட்டில் இல்லை. மிர்லான் நம் தம்பி. அவனை மாரடைப்பு என்று சொல்லிப் புதைத்தாய். 'போதையில் போனான் என்று சொல்லு, இன்னொரு வீட்டுப் பிள்ளையாவது பிழைக்கும்' என்று நான் அழுததற்கு, எல்லார் முன்னாலும் என்னை வெளியே போ என்றாய். இப்போதும் உனக்கு வீட்டுப் பெயர்தான் பெரிசு.

இப்படி எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. சாகின் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஜிபார்


சாரி-புலாக்
மார்ச் 11
வக்கீல் கையில் கொடுத்தது

ஜிபார்,

சாகின் எட்டாம் தேதி காலையில் வந்தார். உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

அடுப்பைத் திறந்து கட்டைக் கையில் எடுத்தேன். எரிக்க மனம் வரவில்லை. அது என் தாள் இல்லை, அவர்கள் எழுதிக் கொடுத்தது. எரித்துவிட்டேன் என்று நான் சொன்னால் அவர்கள் எதை வைத்து நம்புவார்கள்? அதனால் அன்றும் மறுநாளும் வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றையும் அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும், "தப்புப் பண்ணிட்டேன். இது வெளிய போனா உங்களுக்கு ஆபத்து. நீங்களே எரிச்சிடுங்க" என்றேன். சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண் என் கண் முன்னாலேயே கிழித்தாள். ஒருத்தி, "டீச்சர், நீங்க வந்து கேட்டப்பவே எனக்கு எழுத இஷ்டமில்ல. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லப் பயம்" என்றாள். இத்தனை வருஷம் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். லோடர் ஓட்டுகிற ரிஸ்பெக் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "குடுத்தது குடுத்ததுதான், டீச்சர். எனக்காக அக்கா யோசிச்சுட்டாங்க, நீங்க யோசிச்சுட்டீங்க. நானும் ஒரு தடவை யோசிக்கிறேனே." அவன் மனைவி உள்ளே அழுதாள். நான் எவ்வளவோ சொன்னேன். பதினைந்தாம் தேதி நேரில் வருகிறானாம்.

நேற்று இரண்டு பேர் வந்தார்கள். "கட்டு எங்க?" என்றார்கள். "எந்தக் கட்டு? அஞ்சாம் வகுப்புக் கட்டுரை நோட்டு முப்பது இருக்கு. திருத்திக் குடுக்கறீங்களா?" என்றேன். பீரோவைக் கவிழ்த்தார்கள், மாவு டின்னில் கைவிட்டார்கள், உன் கோழிக் கூண்டையும் விடவில்லை. கொத்துகிற கோழி தன் வேலையைச் செய்தது. சிவப்புக் கயிறு மட்டும் மேஜையில் கிடந்தது. ரிஸ்பெக்கின் தாள் என் உள்சட்டைக்குள் இருந்தது.

சாகினிடம் வேறொரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஜாமீன் கையெழுத்தும், கூட ஒரு பக்கமும். அதில் என்ன இருக்கிறது என்பதை உனக்குத் தனியாக எழுத மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. கோர்ட்டில் கேட்டுக்கொள். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதாமல் இருந்தாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

கனிஷாய்


விசாரணைச் சிறை
மார்ச் 19

அக்கா,

நாலு நாளாக எழுத முடியவில்லை.

நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், நான் கம்பிக்குள். உன் தாளை நீதிபதி சளி பிடித்த குரலில் வேகவேகமாகப் படித்தார். 'என் தம்பி மிர்லான் மாரடைப்பால் இறக்கவில்லை. என் வீட்டுக் குளியலறையில் போதை அளவு மீறிக் கிடந்தான். நான் பார்த்தபோது உதடு நீலம், ஆனால் மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும் என்று கூப்பிடவில்லை. பனியை அள்ளி மார்பில் தேய்த்தேன். நாற்பது நிமிஷம் தேய்த்தேன்.' அங்கே ஒரு தடவை இருமிவிட்டு அடுத்த வரியையும் படித்தார். 'நர்ஸாக இருந்த என் தங்கை பத்து நிமிஷ நடையில் இருந்தாள். அவளையும் கூப்பிடவில்லை.'

நாற்பது நிமிஷம். எனக்குத் தெரியாது, அக்கா. நீ பார்த்தபோதே அவன் போய்விட்டான் என்றுதான் எட்டு வருஷம் நினைத்திருந்தேன். அந்த எட்டு வருஷமும், வெளியே போ என்று என்னைச் சொன்னதற்காக உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எதற்குக் கோபப்படுவது என்று தெரியவில்லை. உன் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காவலர் என்னை நேராகப் பார்க்கச் சொன்னார்.

உன் கையெழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். ரிஸ்பெக் எழுந்து பெயரைச் சொன்னான், நம்பரையும் சொன்னான், கேட்காமலே. 'இவர் நம்பகமான நபர் அல்ல' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் நீதிபதி. ஒரு கையெழுத்து குறைகிறது, ஆகவே மே 15 வரை இங்கேதான். அவன் லைசென்ஸை மறுநாளே பிடுங்கிவிட்டதாகச் சாகின் சொல்கிறார். அவன் மனைவியைப் போய்ப் பார். நான் போக முடியாது.

அன்று ராத்திரி அறையில் ஒரு பெண் எதற்கு அழுகிறாய் டாக்டர் என்று கேட்டாள். தம்பி இறந்துட்டான் என்றேன். எப்போ என்றாள். இன்னிக்கு என்றேன்.

எழுதாமல் இருக்க மாட்டேன். ஆனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று இன்னும் எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். வியாழக்கிழமை அவனுக்காக எண்ணெய் காய்ச்சி ரொட்டி பொரி. என் பங்குக்கும் சேர்த்து.

ஜிபார்


சாரி-புலாக்
மார்ச் 29

ஜிபார்,

மன்னிப்பு வரும்போது வரட்டும். வராவிட்டாலும் கடிதம் வரட்டும்.

ரிஸ்பெக் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டீ ஊற்றவே இல்லை. நிற்க வைத்தே பேசினாள், நானும் நின்றுகொண்டே கேட்டேன். அவன் இப்போது நிலக்கரி மூட்டை தூக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போவேன்.

தலைமை ஆசிரியை என்னை ஜூன் வரை விடுப்பில் இருக்கச் சொல்லிவிட்டாள். ஜூனில் எனக்கு ஓய்வு, அதாவது இனி நான் வர வேண்டாம் என்று அர்த்தம். ரொட்டிக் கடையில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. டாக்டர் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிப் போகிறார். அவர் பெயரை நான் எழுதவில்லை, ஆனால் மாரடைப்பு என்று எழுதியது யார் என்று ஊருக்குத் தெரியாதா? காலையில் எழுந்தால் பேச ஆள் இல்லை. கோழிகளிடம் பேசுகிறேன். நீ எட்டு வருஷம் இப்படித்தான் இருந்தாயா? பத்து நிமிஷ நடையில்?

மே 15க்கு இன்னொரு கையெழுத்து வேண்டும். தினமும் ஒரு கதவைத் தட்டுகிறேன். இதுவரை பதினொரு நிறைந்த கிண்ணம் குடித்தாயிற்று. ஜாமீன் தாளில் இரண்டாவது கையெழுத்துக் கோடு இன்னும் காலிதான்.

நேற்று வியாழக்கிழமை. இறந்தவர்களுக்கு எண்ணெய் வாசம் போய்ச் சேரும் என்று ஏழு ரொட்டி பொரிப்போமே, அதை என் வீட்டில் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து அந்தக் குளியலறை தெரிகிறது. அதனால் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய், உன் சமையலறையில் அடுப்பு மூட்டினேன். புகைக்காகக் கதவைத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு ரொட்டிக்கும் அவன் பெயரைச் சொன்னேன், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக மாரடைப்பு என்ற பொய்யில்லாமல்.

நாலாவது ரொட்டி எண்ணெயில் இருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. இருபத்தைந்து வயசு இருக்கும் ஒரு பெண், மெல்லிய கோட்டு, கையுறை இல்லை. "புகை தெரிஞ்சுது. ஜிபார் அக்கா வந்துட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. நான் அவளோட அக்கா."

என் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு அடி பின்னால் வைத்தாள். இந்த ஊரில் என்னைக் கண்டால் எல்லாரும் முதலில் பெயரைத்தான் சொல்வார்கள், பிறகு எந்த வருஷம், எந்த வகுப்பு என்று. இவளும் சொல்ல வாயெடுத்தாள்.

"பேரு வேண்டாம்மா. உள்ள வா, குளிருது" என்றேன்.

அடுப்பருகில் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் மீதி மூன்றையும் பொரித்து எடுத்தேன். பிறகு டீ ஊற்றினேன். பாதிக் கிண்ணம்தான் ஊற்றினேன்.

கனிஷாய்